கடிதம் கொடுத்தால் போதுமா?
பள்ளிச் சுகாதாரமும் மானியமும் - ஒரு பார்வை

ஆறாம் ஆண்டில் படித்தபோது என் கையில் ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது. பள்ளிக்கு வந்த தாதியர் குழு கண் பரிசோதனை செய்தது. சுவரில் மாட்டியிருந்த அட்டையில் மேல் வரிசை எழுத்துகளை வாசித்தேன். அதற்குக் கீழே எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. தாதி எதையோ எழுதி, காகிதத்தை மடித்து, "அம்மாவிடம் கொடு" என்றார். நானும் கொடுத்தேன். அம்மா அதைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்தார். அதோடு அந்தக் கடிதத்தின் பயணம் முடிந்தது.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் அப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அரசாங்கக் கிளினிக்குக்குப் போவதென்றால் வேலை நாளில்தான் போக வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் மட்டுமல்ல, அந்த மாதத்தின் முழு வருகை அலவன்ஸும் போய்விடும். "பிள்ளை நன்றாகத்தானே படிக்கிறாள், விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தார். நானும் நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தமிழ்ப்பள்ளியில் என் வகுப்பில் மொத்தம் 11 பேர். எல்லாருமே முன்வரிசைதான்!

அடுத்த ஆண்டு தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-இல் சேர்ந்தேன். வகுப்பில் 38 பேர். எனக்குக் கடைசிக்கு முந்திய வரிசையில் இடம். வெண்பலகையில் இருப்பது தெரியாமல் பக்கத்துத் தோழியைப் பார்த்து எழுதினேன். அவள் தவறாக எழுதியதையும் சேர்த்து எழுதினேன். "தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவள், மலாய் புரியவில்லை" என்று ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள். அதைவிட வேதனை, நானும் அதை நம்பினேன். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் என்னை நானே மந்தமானவள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

படிவம் 2-இல் அறிவியல் ஆசிரியை ஒருவர் என்னைப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். தடுமாறாமல் வாசித்தேன். பிறகு பலகையில் இருந்ததை வாசிக்கச் சொன்னார். நின்றுகொண்டே இருந்தேன். "அவாக் புக்கான் தாக் ஃபாஹாம், அவாக் தாக் நம்பாக்" என்றார். உனக்குப் புரியாமல் இல்லை, கண்தான் தெரியவில்லை. அந்த வார இறுதியில் அம்மாவோடு டவுனுக்குப் போய் 120 ரிங்கிட்டுக்குக் கண்ணாடி வாங்கினோம். கடை வாசலில் நின்று எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

வாசகர்களே, நான் இப்பொழுது கணக்கியல் படிக்கிறேன். எந்தச் செலவைப் பார்த்தாலும் "இது எந்தத் தலைப்பில் வருகிறது?" என்று கேட்பது எங்கள் துறையின் பழக்கம். பரிசோதனைக்கு அரசாங்கம் செலவு செய்தது. தாதியர் வந்தார்கள், வேன் வந்தது, அட்டை வந்தது, கடிதமும் வந்தது. அப்படியிருந்தும் எனக்குக் கண்ணாடி கிடைக்க ஒன்றரை ஆண்டுகள் ஆனது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

வேனில் வரும் தாதியர்

அமெரிக்கா போன்ற நாடுகளில் பல பள்ளிகளில் தாதி ஒருவர் பள்ளியிலேயே பணியாற்றுவார். நம் நாட்டு முறை வேறு. மலேசியாவில் பள்ளிச் சுகாதாரச் சேவை 1967ஆம் ஆண்டில் தொடங்கியது. தாதியர் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அல்லர். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் கிளினிக்கிலிருந்து குழுவாக வருபவர்கள். ஆண்டு 1, ஆண்டு 6, படிவம் 3 ஆகிய கட்டங்களில் உயரம், எடை, கண்பார்வை முதலியவற்றைப் பார்ப்பார்கள்; உரிய வயதில் தடுப்பூசி போடுவார்கள். 13 வயது மாணவிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2010 முதல் இவ்வழியாகவே வந்தது.

பல் சிகிச்சைக்குத் தனிக் குழு உண்டு. இதில் நாம் பெருமைப்பட ஒரு செய்தியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கென்றே தாதியரைப் பயிற்றுவிக்கும் முறையை நியூசிலாந்து 1921இல் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1949ஆம் ஆண்டிலேயே பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப்பள்ளி அமைந்தது. நாடு சுதந்திரம் அடைவதற்கும் 8 ஆண்டுகள் முன்பு! இந்தப் பல் குழு பள்ளிக்கே நாற்காலியைக் கொண்டுவந்து, அங்கேயே சொத்தைப் பல்லை அடைத்துவிட்டுப் போகும். பிள்ளைகள் அழுவார்கள், ஆனால் வேலை முடிந்துவிடும். அங்கே பரிசோதனையும் சிகிச்சையும் ஒரே இடத்தில் நடக்கின்றன.

கண்ணுக்கு அப்படியில்லை. குறை இருப்பதைப் பள்ளியில் கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பின் கடிதம், கிளினிக், மருத்துவமனை, கண்ணாடிக் கடை என்று நீளும் பாதையைப் பிள்ளையின் குடும்பம்தான் நடந்து முடிக்க வேண்டும். ஆண்டு 6-இல் கொடுக்கப்படும் கடிதத்திற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சில மாதங்களில் அந்தப் பிள்ளை பள்ளியை விட்டே போய்விடுகிறது. "கடிதம் என்னவாயிற்று?" என்று கேட்க வேண்டிய வகுப்பாசிரியர் இங்கே இருக்கிறார், பிள்ளையோ வேறு பள்ளியில், வேறு வகுப்பில், கடைசிக்கு முந்திய வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

பணம் எந்த வழியில் வருகிறது?

பள்ளிப் பிள்ளைகளின் நலனுக்காக வரும் பணத்தை நான் வகைப்படுத்திப் பார்த்தேன்.

முதலாவது, மேலே சொன்ன சேவை. இது பணமாகப் பள்ளியின் கணக்கில் வருவதில்லை. ஆளாகவும் ஊசியாகவும் வருகிறது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி என்ற வேறுபாடு இதில் இல்லை.

இரண்டாவது, உணவு. ஆர்.எம்.டி. என்று நாம் அறிந்த கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் நடைமுறையில் உள்ளது. பள்ளிப் பால் திட்டம் 1983இல் வந்தது. 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் தீபகற்ப மலேசியாவில் ஒரு மாணவரின் ஒரு நாள் உணவுத் தொகையை 2.50 ரிங்கிட்டிலிருந்து 3.50 ரிங்கிட்டாக உயர்த்தியது. பசியோடு பள்ளிக்கு வந்த எத்தனையோ பேருக்கு அந்தத் தட்டுச் சோறுதான் அன்றைய முதல் உணவு. எங்கள் வகுப்பிலேயே அப்படி இருவர் இருந்தனர்.

மூன்றாவது, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பள்ளிக்கு வழங்கப்படும் மானியம். பி.சி.ஜி. என்று ஆசிரியர்கள் சொல்வது இதுதான். பாடங்கள், நூல்நிலையம், வழிகாட்டி ஆலோசனை போன்ற தலைப்புகளில் இது செலவிடப்படுகிறது. தலையை எண்ணித் தருவதால் தலை குறைந்த பள்ளிக்குத் தொகையும் குறைவு. 150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி' எனப்படுகிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

நான்காவது, குடும்பத்தின் கைக்கே வரும் உதவி. தொடக்கக்கால பள்ளி உதவித்தொகையான 150 ரிங்கிட் 2023 முதல் வருமான வரம்பின்றி வழங்கப்படுகிறது. சப்பாத்து, சீருடை, புத்தகப்பை என்று அது பள்ளி திறக்கும் முன்பே கரைந்துவிடும்.

ஐந்தாவது, சமூக நிதி. பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள், இந்தியர் மேம்பாட்டிற்காக 2018இல் செடிக்குக்குப் பதிலாக அமைந்த மித்ரா முதலியவை இதில் அடங்கும். மித்ராவிற்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது.

இந்த ஐந்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பரிசோதிப்பதற்குப் பணம் இருக்கிறது, சோற்றுக்கும் புத்தகத்திற்கும் இருக்கிறது. கடிதத்திற்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள அந்த நடைக்கு மட்டும் தனித் தலைப்பு இல்லை.

நியூயார்க், 1902

இந்தச் சிக்கல் புதியதன்று. 120 ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் நகரமும் இதையே சந்தித்தது.

அந்நகரின் பள்ளிகளில் 1897 முதல் மருத்துவர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்து வந்தனர். கண்நோய், படர்தாமரை, சிரங்கு, பேன் என எது இருந்தாலும் ஓர் அட்டையில் குறித்து, குணமாகும் வரை வரவேண்டாம் என்று வீட்டிற்கு அனுப்பிவிடுவர். பிள்ளைகளில் பலர் அப்போதுதான் கப்பலேறி வந்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது; மருந்துக்கும் வழியில்லை. அட்டை வீட்டில் கிடக்கும். பிள்ளை தெருவில் விளையாடும். மாலையில் பள்ளி விட்டதும் மற்றப் பிள்ளைகளோடு கலந்து அதே நோயைப் பரப்பும். பரிசோதனை ஒழுங்காக நடந்தது, குணமாவதுதான் நடக்கவில்லை.

அந்த ஏழைக் குடியிருப்புப் பகுதியில் தாதியர் இல்லம் ஒன்றை நடத்திவந்த லில்லியன் வால்ட் நகர நிர்வாகத்திடம் ஒரு யோசனை சொன்னார். "என் தாதி ஒருவரை ஒரு மாதத்திற்கு இரவலாகத் தருகிறேன். பயன் தெரிந்தால் பிறகு நகரமே இச்செலவை ஏற்க வேண்டும்" என்பது அதன் சாரம். 1902 அக்டோபரில் லீனா ரோஜர்ஸ் என்ற தாதி நான்கு பள்ளிகளுக்குப் பொறுப்பேற்றார். நான்கிலும் சேர்த்து ஏறக்குறைய 10,000 பிள்ளைகள். சிறிய நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்பாமல் மீண்டும் வகுப்பிற்கு அனுப்பினார். பள்ளி முடிந்ததும் அவர்களின் வீட்டுப் படியேறிப் போய், எப்படிக் கழுவுவது, எப்படி மருந்து போடுவது என்று தாய்மாருக்குச் செய்து காட்டினார்.

ஒரு மாதம் முடிந்தது. நகரம் தன் சொந்த நிதியிலிருந்து 30,000 டாலரை ஒதுக்கி மேலும் தாதியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோய் காரணமாக வகுப்பிலிருந்து விலக்கப்பட்டவர்கள் 10,567 பேர். மறு ஆண்டு அதே செப்டம்பரில் 1,101 பேர்.

இவ்வரலாற்றில் ஒரு கணக்கியல் மாணவியாக என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, லில்லியன் வால்ட் கேட்டது பெருந்தொகையன்று. ஒரு மாதம், ஒரு தாதி. மற்றொன்று, இரவலைக் கொடுக்கும்போதே "பிறகு யார் செலவை ஏற்பது?" என்ற கேள்விக்கும் விடை கேட்டுக்கொண்டார். நம்மவர் தொடங்கும் பல திட்டங்கள் திறப்புவிழாவோடு வாடிப்போவது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததனால்தான்.

கட்டடத்திற்கு உண்டு, ஆளுக்கு இல்லை

அதே அமெரிக்கா பிற்காலத்தில் இன்னொரு பாடத்தையும் நமக்குத் தருகிறது. 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம், பள்ளிகளில் சுகாதார மையங்கள் அமைக்க நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் 200 மில்லியன் டாலரை ஒதுக்கியது. ஆனால் அப்பணத்தைக் கட்டடத்திற்கும் கருவிகளுக்கும்தான் செலவிடலாம். ஊழியர் சம்பளத்திற்கு ஒரு காசும் கூடாது என்று சட்டமே சொன்னது. அறைக்குப் பணம் வந்துவிடும். அறைக்குள் உட்காரப் போகிறவரின் சம்பளத்தை வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டும்.

ஆளுக்கே பணம் கொடுத்த மானியத்திலும் ஆபத்து உண்டு. 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை நியமிக்கவும் பயிற்றுவிக்கவும் பெரும் நிதி தந்தது. 2025 ஏப்ரலில் கூட்டரசின் கல்வித்துறை அதில் ஏறக்குறைய 1 பில்லியன் டாலர் மதிப்புள்ள மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. மானியத்தில் வந்தவர் மானியத்தோடு போய்விடக்கூடும் என்பதற்கு இது சான்று.

இதைப் படிக்கும்போது நம் பள்ளிகள் நினைவுக்கு வரவில்லையா? கணினி அறைக்கு நன்கொடை வரும், பெயர்ப்பலகையோடு. மண்டபத்திற்கும் வரும், கல்வெட்டோடு. ஒரு பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் வர ஒருவருக்கு ஆகும் பெட்ரோல் காசுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. அதனால் அதற்கு நன்கொடையும் வருவதில்லை.

கடிதமா, கண்ணாடியா?

"கடிதம் கொடுத்தாயிற்று, இனிப் பெற்றோர் பொறுப்பு" என்று சிலர் வாதிடலாம். இந்த வாதத்தைச் சீனாவில் ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கான்சு, ஷான்சி மாநிலங்களில் 252 தொடக்கப்பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடையே இச்சோதனை நடந்தது. கிட்டப்பார்வை உள்ள 3,177 பிள்ளைகள் இதில் இடம்பெற்றனர். பள்ளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. முதல் குழுவின் பிள்ளைகளுக்குக் கண்ணாடி அளவுச் சீட்டும் பெற்றோருக்கு ஒரு கடிதமும் மட்டும். இரண்டாம் குழுவுக்கு இலவசக் கண்ணாடி பெறுவதற்கான பற்றுச்சீட்டு. மூன்றாம் குழுவுக்குப் பள்ளியிலேயே இலவசக் கண்ணாடி. கல்வியாண்டின் இறுதியில் நடந்த கணிதத் தேர்வில், கடிதம் மட்டும் பெற்ற குழுவைவிடக் கண்ணாடி பெற்ற குழு மேம்பட்டிருந்தது. 2014இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் இம்முடிவு வெளிவந்தது.

அதை வாசித்த இரவு, எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னை நினைத்துக்கொண்டேன். நானும் அந்த முதல் குழுவில் ஒருத்தி!

எங்கள் முகாமில் நடந்தது

சென்ற ஆண்டு நம் கழகம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்தியது. என் குழுவில் இருந்த ஒரு பையன் திரையில் வந்த எதையும் எழுதவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. "தம்பி, உனக்குக் கடிதம் ஏதாவது கொடுத்தார்களா?" என்று கேட்டேன். கொடுத்து நான்கு மாதம் ஆகிறதாம்.

மாலையில் அவனை அழைத்துப்போக வந்த தாயாரிடம் பேசினேன். "வந்துச்சும்மா. எல்லாம் மலாய்ல இருந்துச்சு. ஊசி போட்டதுக்குக் குடுத்த கடுதாசின்னு நெனச்சி எடுத்து வச்சிட்டேன்" என்றார். நியூயார்க்கில் ஆங்கிலம், இங்கே மலாய். அட்டை வேறு, கதை ஒன்றுதான்.

முகாமுக்காக நாங்கள் பெற்ற நிதியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் கண்ணாடி வாங்கலாமா என்று நிதி கொடுத்த இடத்தில் கேட்டோம். பதாகை, டி-சட்டை, உணவு, பேருந்து, நினைவுப்பரிசு ஆகியவற்றுக்குத்தான் அனுமதி என்றார்கள். டி-சட்டையின் முதுகில் "ஒளிமயமான எதிர்காலம்" என்று அச்சிட முடிந்தது. ஒரு பிள்ளைக்குப் பலகை தெரியச் செய்ய முடியவில்லை. அவர்கள்மீதும் தவறில்லை, தலைப்பு இல்லாத செலவைக் கணக்கில் காட்ட முடியாது. விண்ணப்பத்தில் அந்தத் தலைப்பை எழுதாமல் விட்டது நாங்கள்தான்.

இறுதியில் நம் கழகத்தின் முன்னாள் மாணவியான ஓர் அக்காள் ஒரு சனிக்கிழமை தன் காரில் தாயையும் மகனையும் டவுனுக்கு அழைத்துப் போனார். பரிசோதனையும் கண்ணாடியும் சேர்த்து 150 ரிங்கிட். நாங்கள் எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டோம். எல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆனது. எனக்கு ஒன்றரை ஆண்டு. அவனுக்கு மூன்று மணி நேரம்.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு பையனுக்குச் செய்ததைத் திட்டமாக்கினால் என்ன? என் பரிந்துரைகள் எளியவை.

முதலில், இனி நாம் எந்தப் பள்ளி முகாமுக்கு நிதி விண்ணப்பம் எழுதினாலும் 'மாணவர் சுகாதாரத் தொடர்நடவடிக்கை' என்று ஒரு தலைப்பைச் சேர்ப்போம். கண்ணாடி, போக்குவரத்து ஆகிய இரண்டும் அதில் அடங்கட்டும். 10 பிள்ளைகளுக்கு 1,500 ரிங்கிட் போதும்.

அடுத்து, பள்ளிக்குப் போகும்போது தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரே ஒரு கேள்வியைக் கேட்போம்: "தாதியர் கொடுத்த கடிதங்களில் எத்தனை பதில் இல்லாமல் இருக்கின்றன?" கடிதத்தில் உள்ளதைப் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல நம்மால் முடியாதா? நாமெல்லாம் இரு மொழியிலும் படித்தவர்கள்தானே. அதோடு, பிள்ளையின் உடல்நிலை பற்றிய செய்தி அந்தக் குடும்பத்திற்கு உரியது என்பதையும் மறக்கக்கூடாது. மேடையில் நிறுத்திப் படம் பிடிக்கும் வேலை வேண்டாம்.

மூன்றாவது, முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் கார் இருக்கிறது, சனிக்கிழமை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுங்கள். அந்தத் தாயின் ஒரு நாள் சம்பளத்தையும் ஒரு மாத அலவன்ஸையும் அது காப்பாற்றும்.

இவற்றை இரண்டு ஆண்டுகள் செய்து கணக்கை ஒழுங்காக வைத்திருந்தால், லில்லியன் வால்டைப்போல நாமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் மித்ராவிடமும் போய் "இதன் பயன் இவ்வளவு. இனி இதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கேட்கலாம். கையில் கணக்கோடு போகிறவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது கடினம்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் என்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து. இவற்றோடு நோயாளியின் பக்கத்திலிருந்து துணைபுரிபவர். நான்காமவரை அவர் மறக்கவில்லை. நம் வரவு செலவுப் பட்டியல்களில்தான் அவருக்கு இன்னும் ஒரு வரி இல்லை.

அந்த வரியை எழுதத் தொடங்குவோம். எங்கோ ஒரு வீட்டில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள், ஒரு கடிதம் நமக்காகக் காத்திருக்கிறது.